சிடி படத்தில் தெரியும் கோடு: பெருந்தமனிக் கிழிசலா, இதயத் துடிப்பா?

நெஞ்சு சிடி ஸ்கேன் படத்தில், இதயத்துக்குச் சற்று மேலே, பெருந்தமனிக்குள் ஒரு மெல்லிய வளைகோடு தெரிகிறது. அது கிழிந்து தொங்கும் உட்சுவராக இருந்தால் நோயாளியின் நெஞ்சைத் திறந்து இன்றைக்கே அறுவை செய்ய வேண்டும். இதயம் துடித்ததால் படத்தில் விழுந்த பொய்க்கோடாக இருந்தால் அந்த அறுவை அவருக்குத் தேவையே இல்லை. இரண்டும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே உருவத்தில் வரும். இதற்கு நேர்மாறாக, கிழிசல் நிஜமாகவே இருந்தும் படத்தில் எங்கும் கோடே தெரியாமல் போவதும் உண்டு.

நான் பினாங்கில் சிடி அறையில் வேலை செய்யும் ஜூரு எக்ஸ்-ரே, அதாவது ஸ்கேன் படம் எடுக்கும் ரேடியோகிராஃபர். படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது ரேடியாலஜி டாக்டரின் பொறுப்பு. படத்தை எடுத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. இந்த நோயில் நடக்கும் தவறுகளில் பல, படத்தைப் படிக்கும் மேசையில் நடப்பதில்லை. படம் எடுக்கும்போதே, சில நேரம் அதற்கும் முன்னால் டாக்டர் சிடி கேட்டு ஃபாரம் எழுதும்போதே, அவை நடந்துவிடுகின்றன. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஹவுஸ்மேன் பிள்ளைகளுக்கும் (பயிற்சி டாக்டர்கள்), சிடி அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் இது புரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நோய் என்ன?

இதயத்திலிருந்து புறப்படும் முதல் ரத்தக் குழாய் பெருந்தமனி. டாக்டர்கள் அயோர்டா என்பார்கள். இதயத்திலிருந்து மேலே ஏறி, கழுத்தடியில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டியபடி வயிறு வரை இறங்கும். நெஞ்சுக்குள் அதன் அகலம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளடுக்கில் ஒரு கிழிசல் விழுந்தால், இதயம் தள்ளும் ரத்தம் அந்த ஓட்டை வழியாக நடு அடுக்குக்குள் புகுந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். ஒரே குழாய்க்குள் இப்போது இரண்டு வழிகள்: ரத்தம் வழக்கமாக ஓடும் உண்மை வழி, சுவருக்குள் புதிதாக உண்டான பொய் வழி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று நிற்கும். சிடியில் நாங்கள் தேடுவது அந்தச் சவ்வைத்தான். இதற்குப் பெயர் அயோர்ட்டிக் டிசெக்‌ஷன்.

1970இல் வந்த ஸ்டான்ஃபர்ட் வகைப்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மேலேறும் பகுதியில் கிழிசல் இருந்தால் ஏ வகை. அந்தப் பகுதி தப்பித்திருந்தால் பி வகை. ஏ வகைக்கு அவசர அறுவை. விட்டுவிட்டால் முதல் 48 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற கணக்கில் உயிர் போகும் என்பது மருத்துவப் பாடங்களில் வெகுகாலமாகச் சொல்லப்படுவது. பி வகையில் பெரும்பாலும் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மருந்தால் இறக்குவார்கள். சிறுநீரகம், குடல், கால் என்று ஏதாவது ஒன்றுக்கு ரத்தம் போகாமல் சிக்கலானால் குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பார்கள். ஆகவே கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதுகூட ஒருவரின் அடுத்த சில மணி நேரத்தை முடிவு செய்துவிடும்.

வலி திடீரென்று, ஆரம்பத்திலேயே உச்சத்தில் வரும். நெஞ்சில் தொடங்கி முதுகுக்கு நகரலாம்; நேராக முதுகிலேயே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவிலும் பிடிக்கலாம். இந்த நோய்க்கான அறுவையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டாக்டர் மைக்கேல் டிபேக்கி. அவருக்கே 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், இந்த நோய் வந்தது. வலி நெஞ்சில் தொடங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே போய், கழுத்துக்கு ஏறியது. 2006 பிப்ரவரியில் அறுவை செய்தார்கள். பிழைத்து 2008 வரை வாழ்ந்தார்.

நம் மக்களுக்கு இதில் கவலைப்படக் காரணம் உண்டு. கட்டுப்படாத ரத்த அழுத்தம்தான் இதற்கு முதல் காரணம். 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மாத்திரையைத் தீபாவளி வரை தின்றுவிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். மார்ஃபன் நோய் (உடலின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பிறவி நோய்) உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே பெருந்தமனி வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்கள் உள்ளவர்களுக்கும், சொந்தத்தில் யாருக்காவது இது வந்திருந்தவர்களுக்கும் இளம் வயதிலேயே வரலாம்.

நெஞ்சுவலி என்றதும் எல்லோரும் மாரடைப்பைத்தான் நினைப்பார்கள். அது இயல்பு, மாரடைப்புதான் மிக அதிகம் வருவது. ஆனால் மாரடைப்புக்குக் கொடுக்கும் ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும், கிழிந்த பெருந்தமனிக்குப் பெரிய ஆபத்து. கிழிசல் இதயத் தமனியின் வாயையே அடைத்துவிட்டால் இசிஜியும் மாரடைப்பு போலவே காட்டும். சந்தேகம் வந்த உடனே சிடி எடுப்பது அதனால்தான்.

இதயம் போடும் பொய்க்கோடு

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு 0.8 விநாடி. சிடி இயந்திரத்தின் குழாய் நோயாளியை ஒருமுறை சுற்றிவர, இயந்திரத்தைப் பொறுத்து கால் விநாடியிலிருந்து அரை விநாடி வரை ஆகும். அந்தக் கால் விநாடிக்குள்ளும் பெருந்தமனியின் அடிப்பகுதி சும்மா இருப்பதில்லை. இதயத்தோடு ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து இழுபடும், திரும்பும். தைப்பூசத்தன்று விடியும் முன் மங்கிய வெளிச்சத்தில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஆடிவரும் காவடியைக் கைப்பேசியில் பிடித்தால் அதன் விளிம்பு இரண்டாகப் பதியும் அல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. சுவர் இரண்டு இடங்களில் பதிந்து, உள்ளே விழுந்த பதிவு சவ்வு போலத் தெரிகிறது.

இந்தப் பொய்க்கோட்டுக்குப் பிடித்த இடங்கள் உண்டு. மேலேறும் பெருந்தமனியில், நோயாளியின் இடது முன்பக்கமும் வலது பின்பக்கமும். அங்கே கோடு தெரிந்தால் உடனே நெஞ்சைத் திறக்கவும் கூடாது, அலட்சியமாக ஒதுக்கவும் கூடாது. நான் வேலை கற்றுக்கொண்டபோது மூத்த ரேடியாலஜி டாக்டர் ஒருவர் திரைக்கு முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது இப்படி: முதலில் படத்தை மேலும் கீழும் உருட்டிப் பார். நிஜச் சவ்வு ஒரு வெட்டுப்படத்திலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு எனத் தொடர்ந்து போகும். மெதுவாக வளைந்து திரும்பும். பொய்க்கோடு சில படங்களில் வந்து மறைந்துவிடும். அடுத்து, பக்கத்தில் இருப்பவற்றைப் பார். இதயத்தின் விளிம்பும், நுரையீரலுக்குப் போகும் தமனியின் சுவரும் அதே மட்டத்தில் இரட்டையாகத் தெரிந்தால், எல்லாமே ஆடியிருக்கிறது என்று அர்த்தம். கோடு பெருந்தமனிச் சுவரைத் தாண்டி வெளியே நீள்கிறதா என்றும் பார். கிழிந்த சவ்வு குழாயைத் தாண்டி வெளியே போகவே முடியாது. கடைசியாக, அதே இடத்தை முன்னிருந்தும் பக்கவாட்டிலும் வெட்டிப் பார். அங்கே சுவர் படிப்படியாக, ரம்பப்பல் விளிம்போடு தெரிந்தால் அது அசைவுதான்.

இவ்வளவும் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால்? ஒரு அங்குல அளவே உள்ள சின்னக் கிழிசல் அடிப்பகுதியில் மட்டும் இருக்க வாய்ப்புண்டு. அதனால் 'இது அசைவாகத்தான் இருக்கும்' என்று நம்பிக்கையின் பேரில் முடித்துவிட முடியாது. அப்போது செய்ய வேண்டியது இசிஜியோடு இணைத்து சிடி எடுப்பது. நெஞ்சில் ஒட்டிய இசிஜி வயரைப் பார்த்து, இதயம் துடித்து ஓய்ந்து நிற்கும் அந்த நொடித்துணுக்கில் மட்டும் இயந்திரம் படத்தைச் சேகரிக்கும். அடிப்பகுதி தெளிவாக, ஒற்றைச் சுவரோடு வந்துவிடும். என் விருப்பம், பெருந்தமனிக் கிழிசல் என்ற சந்தேகம் ஃபாரத்தில் இருந்தால், இயந்திரம் அனுமதிக்கும் இடங்களில் முதல் முறையே இசிஜியோடு எடுத்துவிட வேண்டும் என்பது. வயரை ஒட்ட ஆகும் சில நிமிடங்களை மிச்சம்பிடித்து, பின்னால் ஒருமணி நேரம் கூடிப் பேசி முடிவெடுக்க முடியாமல் நிற்பதில் என்ன லாபம்? சிடிக்கு மறுபடியும் அனுப்ப முடியாத நிலையில் நோயாளி இருந்தால் உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி எக்கோ (ஒலி அலைப் படம்) பார்ப்பார்கள். அதுவும் நல்ல விடை தரும்.

நாடித்துடிப்பு மிக வேகமாக இருந்தால் இசிஜியோடு எடுப்பதும் சிரமம். இந்த நோயில் துடிப்பைக் குறைக்கும் மருந்து எப்படியும் கொடுக்கப்பட வேண்டியது. நிமிடத்துக்கு 60க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். நோய்க்கான மருந்தே படத்துக்கும் உதவி செய்கிறது.

மூச்சும் கவனிக்க வேண்டியது. இயந்திரம் 'தாரிக் நாஃபாஸ்... தாஹான்' என்று மலாயில் சொல்லும்போது வலியில் துடிக்கும் ஒரு பாட்டிக்கு அது காதில் விழுவதே பெரிய விஷயம். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் முன்கூட்டியே சொல்லிப் பழக்கிவிடுவேன்: "பாட்டி, மூச்சை உள்ளே இழுத்து அப்படியே பிடிச்சுக்கோங்க, நான் சொல்றப்ப விடுங்க." மூச்சு அசைந்தால் வளைவுப் பகுதியிலும் இரட்டைச் சுவர் வந்துவிடும்.

மருந்து போகும் கை

சிடியில் ரத்தம் வெள்ளையாகத் தெரிய கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுகிறோம். விநாடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகம்; அதனால் முழங்கை மடிப்பில் நல்ல தடிமனான பிரானுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) வேண்டும். இடது கையில் ஏற்றினால், அடர்த்தியான மருந்து நெஞ்சுக்குக் குறுக்கே, பெருந்தமனி வளைவின் கிளைகளுக்கு முன்னால் போகும் பெரிய சிரை வழியாகச் செல்லும். அந்தப் பளீர் வெள்ளையிலிருந்து கம்பி கம்பியாகக் கோடுகள் தெறித்து, பின்னால் இருக்கும் குழாய்கள் மேல் விழும். வலது கையில் ஏற்றினால் அந்தக் குறுக்குப் பாதை இல்லை. வார்டில் இடது கையில் பிரானுலா போட்டு அனுப்பியிருந்தால், நோயாளியின் நிலைமை அனுமதித்தால், வலது கைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பேன். மருந்துக்குப் பின்னாலேயே உப்புநீர் தள்ளினால் சிரையில் தேங்கியது கழுவிப் போகும்.

இந்தக் கம்பிக்கோடுகளைக் கண்டுபிடிப்பது அசைவுக்கோட்டைவிட எளிது. அவை நேராக இருக்கும். பெருந்தமனிக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, நுரையீரல் வரை போகும். பேஸ்மேக்கர் வயரும் இதே வேலையைச் செய்யும்.

அக்கம்பக்கத்து உறுப்புகளும் சில நேரம் ஏமாற்றும். பெருந்தமனிக்குப் பின்னால் இதய உறைக்குள் கொஞ்சம் நீர் தங்கும் ஒரு பை எல்லோருக்கும் உண்டு. அதைப் பொய் வழி என்று நினைக்கலாம். இதயத்தின் இடது மேலறையின் நீட்சியும், ஒட்டிப் போகும் சிரைகளும், இறங்கும் பெருந்தமனிக்குப் பக்கத்தில் சுருங்கிக் கிடக்கும் நுரையீரல் துண்டும் இப்படித்தான். ஒவ்வொன்றையும் அது தொடங்கும் இடம் வரை விரட்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

இருந்தும் தெரியாமல் போவது

இல்லாத கிழிசலைக் காண்பதைவிட, இருக்கும் கிழிசலைக் காணாமல் விடுவதுதான் எனக்கு அதிக பயம் தருகிறது. இதன் முதல் காரணம் தவறான கேள்வி.

ஃபாரத்தில் 'நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி உள்ளதா' என்று எழுதி வந்தால், நான் கான்ட்ராஸ்ட் நுரையீரல் தமனியில் நிறையும் தருணத்தைப் பார்த்து ஸ்கேனை ஓட்டுவேன். மருந்து நுரையீரலைச் சுற்றி இதயத்தின் இடப்பக்கம் வந்து பெருந்தமனியை அடைய இன்னும் சில விநாடிகள் ஆகும். அந்தப் படத்தில் பெருந்தமனி மங்கலாக இருக்கும். உள்ளே சவ்வு இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். 'ரத்தக்கட்டி இல்லை' என்ற அறிக்கை சரியானது. ஆனால் கேட்கப்படாத கேள்விக்கு அது விடை இல்லை. அந்த அறிக்கையைப் பார்த்து, பெருந்தமனியும் நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது முடிவு கட்டினால் அங்கே ஆபத்து தொடங்குகிறது.

இரண்டாவது, சுவருக்குள்ளேயே ரத்தம் உறைந்து நிற்கும் வகை. இதில் உள்ளே புகுந்த ரத்தம் ஓடுவதில்லை, பொய் வழியில் கான்ட்ராஸ்ட் நுழையாது, சவ்வும் தெரியாது. சுவர் ஒரு பக்கம் பிறை வடிவில் தடித்திருக்கும், அவ்வளவுதான். கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில், நடுவில் பளீரென்று வெள்ளை இருக்கும்போது, அந்தத் தடிப்பு சாதாரணக் கொழுப்புப் படிவு போலத் தோன்றும். மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த வெறும் படத்தில் பார்த்தாலோ, புதிதாக உறைந்த ரத்தம் ஓடும் ரத்தத்தைவிடச் சற்று வெளுப்பாக, தெளிவான பிறையாக நிற்கும். அதனால்தான் முதலில் மருந்தில்லாமல் ஒருமுறை, அப்புறம் மருந்தோடு ஒருமுறை எடுக்கிறோம். "ஏண்ணே, ரெண்டு தடவை எடுக்கறீங்க?" என்று மகன்மார் கேட்பதுண்டு. கேட்பது நியாயம்தான்; கதிர்வீச்சு கூடுகிறதே என்ற கவலை. வெறும் படத்தைக் குறைந்த கதிர்வீச்சிலேயே எடுக்கலாம். அதைத் தவிர்த்தால் இந்தப் பிறை கைநழுவிப் போகும்.

வெறும் படம் இன்னொரு விதத்திலும் காப்பாற்றும். வயதானவர்களுக்குப் பெருந்தமனியின் உள்ளடுக்கில் சுண்ணாம்புத் துணுக்குகள் படிந்திருக்கும். அவை வெள்ளைப் புள்ளிகளாகக் குழாயின் ஓரத்தில், வெளிவிளிம்பை ஒட்டித் தெரிய வேண்டும். உள்ளடுக்கு பிரிந்து வந்திருந்தால் அந்தப் புள்ளிகளும் அதோடு உள்பக்கம் நகர்ந்திருக்கும். இடுப்பு வலி, சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று மருந்தில்லாமல் எடுத்த வயிற்று சிடியில்கூட, பெருந்தமனியின் ஓரத்தில் இருக்க வேண்டிய புள்ளி நடுவே மிதந்தால் ரேடியாலஜி டாக்டர் தொலைபேசியை எடுத்துவிடுவார். பெருந்தமனியின் நாள்பட்ட வீக்கத்துக்குள் ரத்தம் கட்டியாகப் படிந்திருப்பவர்களிடம் இது நேர்மாறு: கட்டி உள்ளே, சுண்ணாம்பு வெளியே. இந்த ஒரு வித்தியாசம் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும்.

மூன்றாவது, திரையின் வெளிச்சம். மெல்லிய சவ்வு கான்ட்ராஸ்டின் பளபளப்பில் மூழ்கிவிடும். படத்தின் வெளிச்ச அளவை அகலப்படுத்தி, வெள்ளையைச் சாம்பலுக்கு இறக்கினால் உள்ளே கோடு வெளிவரும். திரையில் சில நொடி வேலை. அவசர நேரத்தில் மறந்துபோகும் வேலையும் இதுதான்.

இன்னொன்று மனம் சம்பந்தப்பட்டது. படத்தில் நிமோனியா கண்டுபிடித்தாயிற்று, வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் தேடல் நின்றுவிடும். நிமோனியா இருப்பவருக்குப் பெருந்தமனி கிழியாது என்று எந்த விதியும் இல்லை.

ஃபாரத்தில் என்ன எழுதுவது

'செஸ்ட் பெய்ன்' என்ற இரண்டு சொற்களோடு வரும் ஃபாரத்தை வைத்து எந்த முறையில் ஸ்கேன் செய்வது என்று முடிவெடுக்க முடியாது. வலி எத்தனை மணிக்கு, எதைச் செய்துகொண்டிருக்கும்போது வந்தது, வந்த உடனே உச்சமா, முதுகுக்கோ வயிற்றுக்கோ நகர்ந்ததா என்று எழுதுங்கள். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து இரண்டு எண்களையும் போடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அது பலமான சாட்சி. ஒரு கை நாடி பிடிபடவில்லை, ஒரு பக்கம் பலமில்லை, மயங்கி விழுந்தார் என்பவற்றையும் எழுதுங்கள். எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது என்பதை வைத்து இந்த நோயை ஒதுக்க முடியாது. டி-டைமர் ரத்தப் பரிசோதனை குறைவாக வந்தால், அறிகுறிகளின் மதிப்பெண்ணும் குறைவாக உள்ளவர்களிடம் மட்டுமே அதை நம்பி சிடியைத் தவிர்க்கலாம். சந்தேகம் பலமாக இருப்பவரை டி-டைமருக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

ஸ்கேன் கழுத்தடியிலிருந்து தொடைமூட்டு வரை ஓட வேண்டும். கிளைகளுக்குள் கிழிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அறுவை செய்பவருக்குத் தேவை.

குடும்பத்தாரிடம் ஒன்று. அப்பாவோ மாமாவோ திடீரென்று நெஞ்சையோ முதுகையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வாயு என்று தைலம் தேய்த்து நேரம் போக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். அவரையே காரோட்ட விடாதீர்கள். டாக்டர் கேட்கும்போது 'நெஞ்சுவலி' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எப்போது எப்படித் தொடங்கியது, எங்கே நகர்ந்தது, மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொந்தத்தில் யாராவது பெருந்தமனி நோயால் இறந்திருந்தால் கேட்காமலே சொல்லுங்கள்.

சின்ன மருத்துவமனையில் கண்டுபிடித்து, பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய இருதயக் கழகத்துக்கோ மாற்றும்போது, அறிக்கைத் தாளோடு படங்களும் போக வேண்டும். அதுவும் அறிக்கைக்காகத் தேர்ந்தெடுத்த ஐந்து மில்லிமீட்டர் தடிமன் படங்கள் மட்டும் போதாது. ஒரு மில்லிமீட்டர் அளவில் எடுத்த முழுத் தொகுப்பும் குறுந்தட்டிலோ மருத்துவமனைகளின் கணினி இணைப்பிலோ போய்ச் சேர வேண்டும். அந்த மெல்லிய படங்கள் கையில் இருந்தால்தான் அங்கிருக்கும் ரேடியாலஜி டாக்டர் கோட்டை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, இன்னொரு முறை கான்ட்ராஸ்ட் ஏற்றாமல், அறுவை அறைக்கு ஆளனுப்பலாமா என்று சொல்ல முடியும். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் 'எல்லாப் படமும் போயாச்சா?' என்று குடும்பத்தார் ஒருமுறை கேட்டாலும் நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.